திறந்தாலே இயங்கும் கோப்பு

1994 டிசம்பரில் மின்னஞ்சல் வழியே ஒரு வதந்தி பரவியது. ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்பில் மடல் வந்தால் திறக்காதீர்கள், படித்தாலே கணினி கெட்டுவிடும் என்றது அது. கணினி அறிந்தவர்கள் பொறுமையாக மறுத்தார்கள். வைரஸ் என்பது ஒரு நிரல், நிரல் இயங்கினால்தான் தீங்கு செய்யும், மடலும் ஆவணமும் வெறும் எழுத்து, எழுத்து இயங்காது என்று விளக்கினார்கள். வதந்தி பொய்தான். மறுப்பின் முதல் பாதியும் சரிதான். ஆனால் ஆவணம் வெறும் எழுத்து என்ற கடைசிப் பகுதி அப்போதே உண்மையாக இல்லை. பத்தாண்டுக்கும் மேலாக அலுவலகக் கோப்புகள் எழுத்தோடும் எண்ணோடும் சேர்த்து நிரலையும் சுமந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டின் நடுவில், வேர்ட் ஆவணத்துக்குள் உட்கார்ந்தபடி கணினி கணினியாகத் தொற்றும் ‘கான்செப்ட்’ என்ற வைரஸ் வெளிப்பட்டபோது, ஆவணத்தைப் பற்றி ஒரு தலைமுறை நம்பியிருந்தது தகர்ந்தது.

அதற்குப் பிந்தைய முப்பதாண்டுகளைச் சொல்வதற்கு ஒரு வாடிக்கையான முறை இருக்கிறது. யாரோ ஓர் ஊழியர் கவனமில்லாமல் ஒரு கோப்பைத் திறந்தார், எச்சரிக்கையைப் படிக்காமல் பொத்தானை அழுத்தினார், நிறுவனம் முடங்கியது. அலுவலகச் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் அந்த ஊழியரின் விரலில் வந்து நின்றுவிடுகின்றன. இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. கோப்புக்குள் இருக்கும் நிரலான மேக்ரோவின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், கோப்பைத் திறப்பதையும் நிரலை இயக்குவதையும் ஒரே செயலாக இணைத்த வடிவமைப்பு முடிவே ஆபத்தின் வேர் என்று தெரிகிறது. அந்த நிரலுக்குத் திறந்தவரின் முழு அதிகாரத்தையும் கொடுத்ததும் அதே முடிவு. அதைத் திருத்தாமல், திறப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பொறுப்பை அவர் தலையில் இறக்கியதில் கால் நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது.

தொடக்கம் நல்லெண்ணத்தோடுதான் நடந்தது. 1979-ல் வந்த விசிகால்க் கணக்கர்களுக்கு மின்னணு விரிதாளைக் கொடுத்தது. அதில் மேக்ரோ கிடையாது. 1983-ல் வெளியான லோட்டஸ் 1-2-3 அதைச் சேர்த்தது. மாதந்தோறும் அழுத்த வேண்டிய அதே விசைகளை வரிசையாக ஒரு செல்லில் எழுதிவைத்துப் பெயர் கொடுத்துவிட்டால், அடுத்த முறை லோட்டஸே அவற்றை அழுத்திக்கொள்ளும். நிரல் எழுதத் தெரியாத கணக்கர் தன் வேலையைத் தானே எளிதாக்கிக்கொள்ள முடிந்தது. இது பெரிய விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதிலேயே சிறியதாகத் தோன்றும் ஒரு வசதியும் இருந்தது. பின்சாய்கோடும் பூச்சியமும் சேர்ந்த பெயரை ஒரு மேக்ரோவுக்கு வைத்தால், கோப்பைத் திறந்த உடனே, யாரும் கேட்காமலே அது ஓடும். தனித்தனி மேசையில் தனித்தனிக் கணினி, கோப்பு வெளியே போக வேண்டுமென்றால் நெகிழ்வட்டில் கையோடு கொண்டுபோக வேண்டும் என்ற காலம் அது. கோப்பை எழுதியவரும் திறப்பவரும் ஒருவரே, அல்லது அடுத்த மேசைக்காரர் என்ற அனுமானத்தின் மேல் அந்த வசதி கட்டப்பட்டது.

அனுமானம் அப்படியே இருக்க, மேக்ரோவின் பலம் மட்டும் வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் 1985-ல் முதலில் மெக்கின்டாஷுக்கு வந்தது. விசைகளைத் திருப்பி அழுத்துவதோடு நில்லாமல், மேக்ரோ தாள் என்ற தனித் தாளில் முழுமையான கட்டளைகளை எழுத அது இடம் கொடுத்தது. 1992-ன் எக்செல் 4.0 அந்த மொழியை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு அக்சஸ் தரவுத்தளம் சந்தைக்கு வந்தது. அதில் அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை, நிரல் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கின. ‘ஆட்டோஎக்ஸெக்’ என்று பெயரிட்ட மேக்ரோ கோப்பு திறந்ததும் தானே ஓடியது. வேர்டுக்கு வேர்ட்பேசிக் என்ற மேக்ரோ மொழி இருந்தது. 1993-ல் எக்செல் 5-உடன் விபிஏ வந்தது. ஆஃபீஸ் 97-ல் வேர்டும் அதற்கு மாறியது. விபிஏ ஒரு முழு நிரல்மொழி. அதைக் கொண்டு எழுதிய மேக்ரோவால் வன்தட்டில் உள்ள கோப்பை அழிக்கலாம், வேறு நிரலைத் தொடங்கலாம், விண்டோஸின் உட்செயல்களை நேரே அழைக்கலாம், அவுட்லுக்கைத் திறந்து மடல் அனுப்பலாம். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் எதைச் செய்யலாமோ அதையெல்லாம் கோப்புக்குள் இருக்கும் நிரலும் செய்யலாம். அந்த நிரலை எழுதியவர் யார் என்ற கேள்வி இந்த அமைப்பில் எங்குமே எழவில்லை.

அந்தக் காலத்தில் இதை யார் முன்கூட்டி அறிந்திருக்க முடியும், இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய பொறியாளர்களைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 1984-லேயே ஃப்ரெட் கோஹன் கணினி வைரஸ் பற்றிய தன் ஆய்வில், தகவலைப் பகிர்வதும், பகிர்ந்த தகவல் மேலும் கைமாறுவதும், அந்தத் தகவலைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு இயங்கும் வசதியும் ஓரிடத்தில் கூடினால் தொற்று பரவ வழி உண்டு என்று காட்டியிருந்தார். மேக்ரோ கொண்ட விரிதாள் இந்த மூன்றுக்கும் அப்படியே பொருந்துகிறது. 1989-ல் ஹெரால்ட் ஜோசப் ஹைலண்ட், ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் செக்யூரிட்டி’ ஆய்விதழில் மேக்ரோ வைரஸ் என்ற பெயரிலேயே எழுதினார். 1994 இறுதியில் ஜோயல் மெக்நமாரா, வேர்ட் ஆவணம் வழியே தொற்று பரவ முடியும் என்பதை நிறுவ ஒரு மாதிரி நிரலையே எழுதினார்.

இவற்றைவிட வலுவான சான்று 1995-ன் இணைய உலாவிகளில் இருக்கிறது. அந்த ஆண்டு சன் நிறுவனம் ஜாவாவையும் நெட்ஸ்கேப் ஜாவாஸ்கிரிப்டையும் வெளியிட்டன. இரண்டிலும் எழுதியவை பக்கத்தைத் திறந்ததும் தாமே ஓடும் நிரல்கள்தாம். ஆனால் உலாவியை வடிவமைத்தவர்கள், நிரல் முன்பின் தெரியாதவரிடமிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அதை ஓர் எல்லைக்குள் அடைத்தார்கள். வன்தட்டின் கோப்புகளைத் தொட அதற்கு அனுமதி இல்லை. அந்த வேலியில் பின்னர் பல ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன, ஒவ்வொன்றையும் பிழை என்று ஒப்புக்கொண்டு அடைத்தார்கள். அலுவலக மென்பொருளில் வேலியே போடவில்லை. அங்கே மேக்ரோ வன்தட்டை அழித்தால் அது பிழைக் கணக்கில் வராது, கொடுக்கப்பட்ட வசதி வேலை செய்தது என்றுதான் பொருள். ஒரே ஆண்டில், ஒரே தொழிலில், ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள் இருந்தன என்றால், அறியாமை என்ற சமாதானம் நிற்காது.

கான்செப்ட் இந்த அமைப்பின் குணத்தை முழுவதும் வெளிப்படுத்தியது. வேர்ட் 6-ல் மேக்ரோவை வார்ப்புருக் கோப்பில்தான் வைக்க முடியும். கான்செப்ட் ஆவணத்தை வார்ப்புருவாகவே சேமித்துவிட்டு, பெயரின் வாலில் மட்டும் ஆவணத்துக்குரிய ‘டாக்’ என்ற எழுத்துகளை விட்டுவைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது கடிதம். வேர்டுக்கு அது நிரலோடு கூடிய வார்ப்புரு. திறந்ததும் தானே ஓடும் மேக்ரோ, எல்லா ஆவணங்களுக்கும் பொதுவான ‘நார்மல்’ வார்ப்புருவில் தன்னைப் பதித்துக்கொண்டது. அதன்பின் ‘வேறு பெயரில் சேமி’ என்ற கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம், வேர்டின் சொந்தக் கட்டளைக்குப் பதில் வைரஸின் மேக்ரோ ஓடி, புதிய ஆவணத்திலும் தொற்றியது. வேர்ட் ஓடும் இடமெல்லாம் இதுவும் ஓடியதால் விண்டோஸ், மெக்கின்டாஷ் என்ற வேறுபாடு அதைத் தடுக்கவில்லை. அது எதையும் அழிக்கவில்லை. தீங்கு செய்ய வேண்டிய பகுதியில், தன் கருத்தை நிறுவ இதுவே போதும் என்ற பொருள்பட ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணினி உற்பத்தியாளர்களுக்கு அனுப்பிய ஒரு குறுந்தகட்டிலேயே அது தொற்றியிருந்தது என்பதிலிருந்து பரவலின் வேகத்தை ஊகிக்கலாம். அந்த நிறுவனம் அப்போது அதை வைரஸ் என்று அழைக்கவும் தயங்கி, குறும்பு மேக்ரோ என்று குறிப்பிட்டது.

விரிதாளுக்கும் தரவுத்தளத்துக்கும் தொற்று வர நெடுநாள் ஆகவில்லை. 1996 ஜூலையில் லாரு என்ற முதல் எக்செல் மேக்ரோ வைரஸ் கண்டறியப்பட்டது. 1998-ல் அக்சஸ் கோப்புகளிலும் வந்தது. ஆனால் தரவுத்தளத்தின் உண்மையான அபாயம் மேக்ரோ என்று பெயரிட்ட பகுதியோடு முடிவதில்லை. அக்சஸின் அடியில் அப்போது இயங்கிய ஜெட் என்ற தரவுத்தளப் பொறி, வினவலின் நடுவிலேயே விபிஏ செயல்கூறுகளை அழைக்க விட்டது. பட்டியலைத் தேடி எடுக்க எழுதும் வரியில், கோப்பை அழிக்கும் ‘கில்’ என்ற கட்டளையையோ, வேறு நிரலைத் தொடங்கும் ‘ஷெல்’ என்ற கட்டளையையோ செருகலாம். 1999-ல் இதன் விளைவு தெரிந்தது. எக்செல் 97 தாளுக்குள் ஒரு தரவுத்தள வினவலை மறைத்துவைத்தால், தாளைத் திறந்த மாத்திரத்தில் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்க முடிந்தது. அந்தத் தாளில் மேக்ரோ எதுவும் இல்லை. ஆகவே மேக்ரோ எச்சரிக்கையும் வரவில்லை. பின்னர் ஜெட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டு நிலை கொண்டுவந்து, இத்தகைய ஆபத்தான செயல்கூறுகளை வினவலிலிருந்து அழைக்க முடியாதபடி தடுத்தார்கள். எக்செலில் செல்லின் சூத்திரத்திலிருந்தே விண்டோஸ் நிரல்தொகுப்புகளை அழைக்கும் வழி இருந்தது. அதையும் தனியே அடைக்க வேண்டியிருந்தது. மேக்ரோ என்ற கதவைக் காவல் காத்த நேரத்தில், வேறு பெயர் எழுதிய பல கதவுகள் அதே அறைக்குள் திறந்தபடி இருந்தன.

அந்தக் காவலும் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆஃபீஸ் 97-ல் மேக்ரோ கொண்ட கோப்பைத் திறந்தால் ஒரு பெட்டி தோன்றும். இதில் மேக்ரோக்கள் உள்ளன, அவற்றில் வைரஸ் இருக்கலாம், இயக்கட்டுமா வேண்டாமா என்று கேட்கும். மூடி ஒட்டிய பொட்டலத்தை நீட்டி, உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று வாங்குபவரையே தபால்காரர் கேட்பது போன்ற கேள்வி அது. பதில் சொல்லத் தேவையான எந்தத் தகவலையும் பெட்டி தரவில்லை. நிரலை யார் எழுதினார், எப்போது எழுதினார், அது எதைத் தொடப்போகிறது என்பதெல்லாம் தெரியாது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் மாதாந்தரக் கணக்குக் கோப்புக்கும் அதே பெட்டி, தாக்குபவர் அனுப்பும் கோப்புக்கும் அதே பெட்டி. முன்னதைத் திறக்க ‘இயக்கு’ என்று சொல்லிப் பழகிய கை பின்னதற்கும் அதையே சொல்லும். வேலை நடக்க வேண்டுமானால் வேறு வழியும் இல்லை.

1999 மார்ச் 26 அன்று மெலிசா என்ற மேக்ரோ வைரஸ் பரவியது. நியூஜெர்சியைச் சேர்ந்த டேவிட் எல். ஸ்மித் அதை ஓர் இணையச் செய்திக்குழுவில் போட்டிருந்தார். நீங்கள் கேட்ட ஆவணம் இதோ, வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்ற பொருளில் நண்பரின் பெயரிலேயே மடல் வரும். இணைப்பைத் திறந்து மேக்ரோவை அனுமதித்தால், அது அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பிக்கொள்ளும். மடல் பெருக்கைத் தாங்க முடியாமல் பல நிறுவனங்கள் அஞ்சல் சேவையையே நிறுத்தின. அன்று அதிகம் பேசப்படாத இரண்டு கூறுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒருமுறை அனுமதி பெற்றதும் மெலிசா செய்த முதல் வேலைகளில் ஒன்று, வேர்டின் மேக்ரோ எச்சரிக்கையை அணைத்தது. காவலை நீக்கும் அதிகாரம் காவல் காக்கப்பட வேண்டியதன் கையிலேயே இருந்தது. அடுத்தது, மெலிசா தொற்றிய கணினியில் எழுதப்படும் புதிய ஆவணங்களும் தொற்றுக்கு உள்ளாயின. அவற்றில் ஒன்று அடுத்தவர் கணினிக்குப் போனால், அங்கிருந்து அந்த ஆவணமே 50 பேருக்குப் போகும். அது சம்பளப் பட்டியலாகவோ ஒப்பந்த வரைவாகவோ இருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஸ்மித், 8 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதை ஏற்றார். 2002-ல் அவருக்கு 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

மெலிசாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் சரியான திசையில் நடந்தார்கள். ஆஃபீஸ் 2000-ல் பாதுகாப்பு நிலைகளும் மின்கையொப்பமும் வந்தன. ஆஃபீஸ் எக்ஸ்பியிலும் 2003-லும் வேர்டுக்கும் எக்செலுக்கும் இயல்பு நிலையே ‘உயர்ந்த’ நிலை. கையொப்பம் இல்லாத மேக்ரோ ஓடாது. கோப்பைத் திறக்கும் இடத்திலேயே அதை அனுமதிக்கப் பொத்தானும் இல்லை. மாற்ற விரும்புபவர் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். அந்த ஆண்டுகளில் மேக்ரோ வைரஸ்கள் ஏறக்குறைய மறைந்தன. இதற்கு இயல்பு நிலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸின் வலையமைப்புக் குறைகளைப் பயன்படுத்திய பிளாஸ்டர் போன்ற புழுக்கள் தாக்குபவர்களுக்கு இன்னும் எளிய வழியைத் தந்திருந்தன. ஆனால் பிறகு நடந்தது யோசிக்க வைக்கிறது. ஆஃபீஸ் 2007 மேக்ரோ உள்ள கோப்புகளுக்குத் தனி வால்பெயர் கொடுத்தது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் மேக்ரோ இல்லை, எக்ஸ்எல்எஸ்எம் என்றால் உண்டு. இது நல்ல திருத்தம். கூடவே, மேக்ரோவை முடக்கிவைத்து, கோப்பின் தலைக்கு மேலே ஒரு பட்டையைக் காட்டி அங்கேயே அனுமதிக்கும் வழியையும் வைத்தது. 2010-ல் அது மஞ்சள் பட்டையாகி, ‘உள்ளடக்கத்தை இயக்கு’ என்ற ஒற்றைப் பொத்தானாகச் சுருங்கியது. ஒருமுறை அழுத்தினால் அந்தக் கோப்பு நம்பிக்கைக்குரியதாகிவிடும், மறுபடி கேட்காது.

விண்டோஸின் மற்ற குறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, நேரே நுழைவது கடினமானதும், தாக்குபவர்கள் அந்தப் பொத்தானுக்குத் திரும்பினார்கள். 2014 முதல் டிரைடெக்ஸ், எமோடெட், லாக்கி என்று வரிசையாக வந்த தீநிரல்கள் பெரும்பாலும் விலைப்பட்டியல், கூரியர் அறிவிப்பு, வேலை விண்ணப்பம் என்ற உருவில் வந்த வேர்ட், எக்செல் கோப்புகளில் ஏறி வந்தன. கோப்புக்குள்ளேயே ஒரு படம் இருக்கும். மங்கலான எழுத்துகள், அவற்றின் மேல் மைக்ரோசாஃப்ட்டின் சின்னம், ‘இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவானது, படிக்க மேலே உள்ள பொத்தானை அழுத்துங்கள்’ என்ற அறிவுரை. எச்சரிக்கைப் பட்டையே தாக்குபவரின் வழிகாட்டிப் பலகையாகிவிட்டது. ஆஃபீஸைக் குறிவைத்த தாக்குதல்களில் 98 விழுக்காடு மேக்ரோ வழியானவை என்று 2016-ல் மைக்ரோசாஃப்ட்டே கணக்குச் சொன்னது.

இதன் கனத்தை உக்ரைன் அனுபவித்தது. 2015 டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் துணைமின்நிலையங்கள் தொலைவிலிருந்து துண்டிக்கப்பட்டன. ஏறக்குறைய 2,25,000 நுகர்வோர் சில மணி நேரம் மின்சாரம் இழந்தனர். இயக்கப் பணியாளர்களின் கண்ணெதிரே திரையில் சுட்டி தானாக நகர்ந்து மின்சுற்றுகளைத் துண்டித்தது. ஊழியர்கள் துணைமின்நிலையங்களுக்கு வண்டியில் போய்க் கையால் இணைப்பு கொடுத்தார்கள். மாதங்களுக்கு முன்பே அந்நிறுவனங்களின் அலுவலர்களுக்கு வந்த மடல்களில் மேக்ரோ கொண்ட ஆஃபீஸ் கோப்புகள் இருந்தன. அவற்றின் வழியே ‘பிளாக்எனர்ஜி’ என்ற தீநிரல் உள்ளே நுழைந்தது. பிறகு கடவுச்சொற்களைத் திரட்டிக்கொண்டு தாக்குபவர்கள் மின்கட்டுப்பாட்டு அறைவரை நடந்தார்கள். மேக்ரோ நேராக மின்சாரத்தை அணைக்கவில்லை என்பது உண்மை. அலுவலகத்துக்குள் முதல் காலடியை வைக்க அது போதுமானதாக இருந்தது.

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் தீராதா என்று கேட்பவர்கள் இங்கே வருவார்கள். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவரின் வேலையே தெரியாதவர்கள் அனுப்பும் விலைப்பட்டியலைத் திறப்பதுதான். ஆள்தேர்வுப் பிரிவில் இருப்பவர், முன்பின் அறியாதவரின் விண்ணப்பத்தைத் திறக்கத்தான் சம்பளம் வாங்குகிறார். ஐந்நூறு பேரில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சரியாக நடந்தாலும் தாக்குபவருக்கு மீதி ஒருவர் போதும். மேலும், அந்த ஒருவர் செய்த தவறு ஒரு கோப்பைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தியது. அந்த அளவு சிறிய செயல் அவ்வளவு பெரிய விளைவைத் தரும்படி கட்டியவர்கள் விசாரணையில் வருவதே இல்லை.

மேக்ரோவை எடுத்துவிட்டால் அலுவலகம் நின்றுவிடும் என்பது இன்னும் கனமான எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டிலேயே, எண்ணில் எழுதிய தொகையை ‘ரூபாய் இத்தனை மட்டும்’ என்று எழுத்தில் மாற்ற எக்செலில் உள்ளமைந்த வசதி கிடையாது. காசோலைக்கும் பில்லுக்கும் அது நாள்தோறும் வேண்டும். ஆகவே எத்தனையோ கடைகளும் அலுவலகங்களும் இணையத்தில் கிடைக்கும் ஒரு விபிஏ துண்டை ஒட்டிப் பயன்படுத்துகின்றன. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மேக்ரோவின் மேல் நிற்கும் கணக்கு முறைகள் ஏராளம். எழுதிய ஊழியர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், கோப்பு ஓடிக்கொண்டிருக்கும். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய எல்லாமே அலுவலகத்துக்கு உள்ளே எழுதப்பட்டு உள்ளேயே ஓடுவது. வெளியார் மடலில் வரும் கோப்பின் மேக்ரோ ஓட வேண்டிய தேவை மிகச் சிலருக்கே உண்டு. தொகையை எழுத்தாக மாற்றும் மேக்ரோவுக்கு வன்தட்டை அழிக்கும் அதிகாரமும் தேவையில்லை. பயனுள்ளது என்ற வாதம் மேக்ரோ இருக்க வேண்டும் என்பதை நிறுவுகிறது. யார் எழுதிய மேக்ரோவும் எந்த எல்லையும் இல்லாமல் ஓட வேண்டும் என்பதை நிறுவவில்லை.

இந்த வேறுபாட்டை மைக்ரோசாஃப்ட் நடைமுறையில் ஏற்றது 2022-ல். இணையத்திலிருந்தோ மடலிலிருந்தோ வரும் கோப்புக்கு விண்டோஸ் ஒரு மறைக்குறி இடும். 2016-ல் அந்தக் குறியுள்ள கோப்புகளின் மேக்ரோவைத் தடுக்க நிர்வாகிகளுக்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுத்தார்கள். பலர் அதைத் தொடவில்லை. 2022 பிப்ரவரி 7 அன்று, அக்சஸ், எக்செல், பவர்பாயின்ட், விசியோ, வேர்ட் ஆகிய ஐந்திலும் அந்தத் தடையே இயல்பு நிலை ஆகும் என்று அறிவித்தார்கள். மஞ்சள் பட்டை சிவப்பாகி, பொத்தான் நீங்கியது. ஓட்டியே தீர வேண்டுமென்றால் கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்க வேண்டும். ஜூலையில் பயனர்களின் முறையீடுகளால் ஒருமுறை பின்வாங்கி, அந்த மாதமே மறுபடி நடைமுறைப்படுத்தினார்கள். பழைய எக்செல் 4.0 மேக்ரோக்களும் அந்த ஆண்டு ஜனவரியில் இயல்பாக முடக்கப்பட்டன. முப்பதாண்டு முதுமையான அந்த மொழியைத் தாக்குபவர்கள் 2020 வாக்கில் தோண்டியெடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபருக்கும் 2022 ஜூனுக்கும் இடையில் மேக்ரோ இணைப்புகளைக் கொண்ட தாக்குதல்கள் ஏறக்குறைய 66 விழுக்காடு குறைந்தன என்று புரூஃப்பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. முழுத் தடை எல்லோருக்கும் போய்ச்சேரும் முன்பே, அறிவிப்பைப் பார்த்தே தாக்குபவர்கள் இடம் மாறத் தொடங்கிவிட்டார்கள். ஊழியர்கள் அந்த ஒன்பது மாதத்தில் திடீரென்று எச்சரிக்கை மிகுந்தவர்களாக மாறிவிடவில்லை.

இடம்தானே மாறினார்கள், ஒழிந்துவிடவில்லையே என்பது கடைசி எதிர்வாதம். வட்டுப்பிரதிக் கோப்பு, குறுக்குவழிக் கோப்பு, பிறகு 2023 தொடக்கத்தில் ஒன்நோட் குறிப்பேட்டுக் கோப்பு என்று அவர்கள் மாறியது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும், ஏமாற்றப்படுபவர் தன் வழக்கமான வேலைக்கு அப்பாற்பட்ட ஒரு செயலைச் செய்ய வேண்டியிருந்தது. விலைப்பட்டியல் எக்செலாக வருவது இயல்பு. வட்டுப்பிரதியாக வருவது விநோதம். விநோதமானதை மடல் வடிகட்டியும் தடுக்கலாம், மனிதரும் சந்தேகிக்கலாம். புதிய வழிகளில் ஒன்நோட் போன்றவை அடுத்த சில மாதங்களிலேயே அடைக்கப்பட்டன. மேக்ரோவைப் போல இருபத்தேழு ஆண்டுகள் திறந்துகிடக்கவில்லை.

இது ஒரு நிறுவனத்தின் குணம் என்று எண்ணி வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது. கட்டற்ற மென்பொருளான லிப்ரேஆஃபீஸில் குழந்தைகளுக்கு வரைகலை கற்பிக்கும் லிப்ரேலோகோ என்ற கூறு இருக்கிறது. ஆவணத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாலே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதன் வழியே பைத்தான் கட்டளைகளை ஓட்டலாம் என்பது 2019-ல் தெரிந்து, பிறகு அடைக்கப்பட்டது.

அக்சஸ் இன்னும் அரைகுறையாகத்தான் மீண்டிருக்கிறது. வேர்டுக்கும் எக்செலுக்கும் கிடைத்த மேக்ரோ இல்லாத தனி வால்பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. அக்சஸ் கோப்பு எதுவும் நிரலைச் சுமக்கலாம். பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மறைக்குறியும் கோப்பு வந்த வழியைப் பொறுத்தது. பென்டிரைவில் வந்தால் பெரும்பாலும் குறி இருக்காது, பழைய மஞ்சள் பட்டையே தோன்றும். அன்றாடம் ஓட வேண்டிய பழைய தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கிறதே என்று, சர்வரின் பொதுக் கோப்புறை முழுவதையும் ‘நம்பகமான இடம்’ என்று அறிவித்துவிடும் வழக்கமும் இருக்கிறது. அதன்பின் அங்கே இருக்கும் எந்தக் கோப்பின் மேக்ரோவும் கேள்வியே இல்லாமல் ஓடும். அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை உள்ள ஒவ்வொருவரும், அங்கிருந்து கோப்பைத் திறக்கும் அத்தனை பேரின் கணினியிலும் தன் நிரலை ஓட்டும் உரிமை உள்ளவராகிறார். அட்டவணைகளை ஒரு கோப்பிலும் படிவங்களையும் நிரலையும் இன்னொரு கோப்பிலும் பிரித்துவைக்கும் வசதி அக்சஸிலேயே நெடுங்காலமாக உண்டு. பிரித்துவிட்டால், எல்லோரும் எழுத வேண்டிய தரவுக் கோப்பு மட்டும் பொதுக் கோப்புறையில் இருக்கும். நிரல் கோப்பை ஒருவரோ இருவரோ மட்டும் மாற்றக்கூடிய வேறொரு கோப்புறையில் வைத்து, அதை மட்டும் நம்பகமான இடமாக அறிவிக்கலாம்.